கொள்கை பரப்புச் செயலாளர்களுக்கு ஓர் அச்சுக்கோப்பாளரின் திறந்த மடல்

தமிழ்நாட்டு அரசியல் கட்சிகளின் கொள்கை பரப்புச் செயலாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

உங்கள் பதவிப் பெயரை ஈய எழுத்தில் எத்தனை முறை கோத்திருப்பேன் என்று கணக்கே இல்லை. 1970-இல், பதினைந்து வயதில், திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பொதுக்கூட்ட நோட்டீஸ், மாநாட்டு அழைப்பு, தேர்தல் துண்டறிக்கை, இரங்கல் கூட்டம் என்று எல்லாக் கட்சி வேலையும் அங்கே ஒரே மேசைக்குத்தான் வரும். பேச்சாளர் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, அதன் கீழே சின்ன எழுத்தில் 'கொள்கை பரப்புச் செயலாளர்' என்று கோப்போம். அந்தச் சின்ன எழுத்து வரியைப் பற்றித்தான் இந்த மடல்.

எழுத வைத்தது என் பேத்தி. அவளுக்கு இந்த ஆண்டு பதினெட்டு முடிந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தவள், "தாத்தா, வலதுசாரின்னா யாரு?" என்று கேட்டாள். "கதிர் அரிவாள்காரங்கம்மா" என்றேன். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். 1964-இல் கம்யூனிஸ்ட் கட்சி பிரிந்த பிறகு கதிர் அரிவாள் சின்னத்து சி.பி.ஐ.யை வலது என்றும் மார்க்சிஸ்ட் கட்சியை இடது என்றும் சொல்லியே பழகிவிட்டோம். அவள் கைபேசியைக் காட்டினாள். அதில் வலதுசாரி என்றால் கம்யூனிஸ்டுக்கு நேர் எதிரி. இரண்டு பேரும் அன்று இரவு வெகுநேரம் பேசினோம். 1789-இல் பிரெஞ்சுப் பேரவையில் மன்னரின் மறுப்பதிகாரத்தை ஆதரித்தவர்கள் தலைவருக்கு வலப்புறமும் எதிர்த்தவர்கள் இடப்புறமும் உட்கார்ந்ததில் தொடங்கிய சொல் அது என்று சொன்னேன். இங்கே சோழர் காலத்திலிருந்து சாதிகளை வலங்கை, இடங்கை என்று பிரித்துச் சண்டையிட வைத்ததற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றும் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாம் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "சரி தாத்தா, நாம எந்தப் பக்கம்? ஏன் அந்தப் பக்கம்?"

அந்த இரண்டாவது கேள்வி, அந்த 'ஏன்', என்னைத் தூங்கவிடவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் நான்கு கட்சி இருந்தது. தாத்தா பண்ணையாள். சாணியைக் கரைத்துக் குடிக்க வைக்கும் சாணிப்பால் தண்டனையும் சவுக்கடியும் அவருக்குக் கதையில்லை. முதுகில் தழும்பு இருந்தது. 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாசராவ் தஞ்சை வயல்களுக்குள் வந்து 'அடித்தால் திருப்பி அடி' என்று சொன்ன நாளிலிருந்து அவர் செங்கொடிக்காரர். மார்க்ஸ் யார் என்று அவருக்குத் தெரியாது. நிமிர்ந்து நிற்கலாம் என்று ஒருவர் சொன்னார், இவர் நிமிர்ந்தார், அவ்வளவுதான். மாமா காங்கிரஸ். காமராசர் காலத்தில் திறந்த பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு சாப்பிட்டு எழுத்துக் கற்றவர். அண்ணன் தி.மு.க. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தபோது எஸ்.எஸ்.எல்.சி. படித்துக்கொண்டிருந்தான். ஊர்வலத்தில் போனான், அடி வாங்கினான், அன்றிலிருந்து சாகும்வரை கறுப்பு சிவப்புக் கரை வேட்டிதான்.

அம்மாவின் கதை வேறு. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். தாத்தா சொன்ன சின்னத்தில்தான் அம்மா ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தபோது ஊர்ப் பள்ளி மையத்தில் ஆயா வேலை கிடைத்தது. முதல் மாதச் சம்பளத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். 1984 தேர்தலில் யாரையும் கேட்கவில்லை. நேராகப் போய் இரட்டை இலையில் குத்திவிட்டு வந்தார். தாத்தா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தாலும் அம்மா அதைத்தான் செய்திருப்பார்.

இந்த நான்கு பேரில் யாராவது ஒரு கட்சியின் கொள்கை விளக்கத்தைப் படித்துவிட்டு அந்தக் கட்சிக்குப் போனார்களா? இல்லை. ஒவ்வொருவருக்கும் முதலில் ஏதோ ஒன்று நடந்தது. சவுக்கு, சோறு, தடியடி, சம்பளம். நடந்ததற்கு ஒரு பெயர் தேவைப்பட்டபோது கட்சி வந்து பெயர் கொடுத்தது. என் அனுபவத்தில் கொள்கை எப்போதும் இரண்டாவதாகத்தான் வருகிறது. 1965 என் அண்ணனுக்கு எப்படியோ, 2009 மே மாதம் முள்ளிவாய்க்கால் இன்றைய பல இளைஞர்களுக்கு அப்படி. பதினேழு பதினெட்டு வயதில் பட்ட சூடு ஐம்பதிலும் ஆறுவதில்லை.

பிலிப் கான்வர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1964-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். சீரான ஒரு கோட்பாட்டை வைத்துக்கொண்டு அரசியலைப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே, பெரும்பாலோர் தங்கள் கூட்டத்துக்கு எது நல்லது, காலம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று பார்த்தே முடிவு செய்கிறார்கள் என்று. படித்தபோது என் வீட்டைப் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. ஆனால் இதை மக்களின் அறியாமை என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். தாத்தா தழும்பிலிருந்து தொடங்கியது அறியாமை அல்ல. அங்கிருந்து தொடங்காமல் வேறு எங்கிருந்து தொடங்குவது? தொடங்கிய இடத்திலேயே ஒருவரை நிற்கவிட்டுவிட்டால்தான் தவறு. அடுத்த படிக்கு ஏற்றிவிடுவது உங்கள் வேலை. பதவியின் பெயரே அதைத்தானே சொல்கிறது?

என்னை அந்தப் படிக்கு ஏற்றியது பள்ளிக்கூடம் இல்லை, நோட்டீஸ்தான். அச்சுக்கோப்பவன் ஒவ்வொரு எழுத்தாக, தலைகீழாக, இடவலம் மாறிப் படிக்க வேண்டும். அவசரமாகப் படித்துத் தாண்ட முடியாது. 1970-இல் நில உச்சவரம்பை, அதாவது ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளக்கூடிய நிலத்தின் எல்லையை, 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து 15 ஆகக் குறைத்துச் சட்டம் வந்தது. அந்த நாட்களில் ஒரே வாரத்தில் இரண்டு துண்டறிக்கை எங்கள் அச்சகத்துக்கு வந்தன. ஒன்று விவசாயத் தொழிலாளர்களுடையது. உழுபவனுக்கு நிலம் இல்லாதவரை ஓட்டு இருந்தும் அவன் அடிமைதான், பொருளில் சமமில்லாதவர்கள் வேறு எதிலும் சமமாக முடியாது என்றது. மற்றது பெரிய நிலக்காரர்களான மிராசுதார்களுடையது. சொத்து என்பது ஒருவர் உழைப்பின் சேமிப்பு, அரசு இன்று பெரிய வரப்பைத் தாண்டினால் நாளை சின்ன வரப்பையும் தாண்டும், தனிமனிதர் உரிமைக்கு எல்லைக்கல் வேண்டும் என்றது.

நான் பண்ணையாள் பேரன். முதல் நோட்டீஸைக் கோத்தபோது கை பறந்தது. இரண்டாவதைக் கோத்தபோது கோபம் வந்தது. பிழை திருத்த மூன்று முறை படித்தாக வேண்டும். மூன்றாவது முறை படிக்கும்போதுதான், இந்தப் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது, பதில் சொல்ல வேண்டிய வாதம், என்று புரிந்தது. என் பக்கத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் என் பக்கம் எது, ஏன் அது என் பக்கம் என்று எனக்குத் தெரிந்தது. சமதர்மம், தாராளவாதம் என்று பெரிய பெயர்கள் உண்டு என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டதுதான். அந்த இரண்டு தாளை எழுதியவர்கள் யாரோ, இரண்டு தரப்பாருக்கும் நான் கடன்பட்டவன்.

பேத்திக்கு ஒவ்வொரு கொள்கையையும் விளக்க உட்கார்ந்தபோது தமிழ்நாட்டுச் சம்பவங்களைத்தான் எடுத்தேன். ஆவடி என்றால் அவளுக்கு மின்சார ரயில்தான் தெரியும். 1955 ஜனவரியில் அங்கே கூடிய காங்கிரஸ் மாநாடுதான் 'சோசலிச பாணி சமுதாயம்' என்று தீர்மானம் போட்டது. அதை எதிர்த்து நான்கு ஆண்டில், எண்பது வயது ராஜாஜி சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். எதற்கெடுத்தாலும் பெர்மிட், லைசென்ஸ், கோட்டா என்று கேட்கும் அரசு மனிதனை முடக்கிவிடும் என்பது அவர் வாதம். இரண்டுக்கும் முன்பே, 1923 மே முதல் நாள் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியிருந்தார். 1931-இல் கம்யூனிஸ்ட் அறிக்கையைத் தமிழில் தன் 'குடி அரசு' இதழில் வெளியிட்டவர் பெரியார். பிறப்பால் வந்த இழிவைத் துடைக்காமல் பொருள் சமத்துவம் மட்டும் வந்து பயனில்லை என்பது சுயமரியாதை இயக்கத்தின் அடிக்கல். அதே அடிக்கல்லை இன்னும் ஆழத்தில் போட்டவர்கள் அயோத்திதாசரும் அம்பேத்கரும். அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டிய ஆண்டுகளில் எங்கள் அச்சகத்துக்கு வந்த நோட்டீஸ்களில் 'சலுகை' என்ற சொல் போய் 'அதிகாரம்' வந்ததை நான் கவனித்தேன். மொழியும் மண்ணும்தான் மற்ற எல்லாவற்றுக்கும் அடித்தளம் என்றது 1958-இல் ஆதித்தனார் தொடங்கிய நாம் தமிழர். தேசம் என்பது ஒரு பண்பாட்டு உடல், அதன் தொன்மையான மரபுதான் அதை ஒன்றாக வைத்திருக்கிறது என்பது 1951-இல் தொடங்கிய ஜன சங்கத்தின் வழி வந்த பா.ஜ.க.வினரின் கொள்கை.

சொல்லச் சொல்ல அவள் ஒரு கேள்வியில் மாட்டிக்கொண்டாள். "அப்ப 1967-ல ராஜாஜி எங்க நின்னாரு, பெரியார் எங்க நின்னாரு?" ராஜாஜி தி.மு.க. கூட்டணியில், அதுவும் இடது கம்யூனிஸ்டுகளோடு சேர்ந்து. பெரியார் காமராசருக்காகக் காங்கிரஸ் பக்கம். வென்ற பிறகு அண்ணா நேராகத் திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்த்தார். அந்த ஆண்டே சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் கொண்டுவந்தார். இடது வலது என்ற ஒற்றைக் கோட்டில் இதை எங்கே வைப்பது? நம் ஊரில் ஒரே ஆள் ரேஷன் அரிசிக்கு அரசை நம்புவார், தன் கடைக்கு வரி குறைய வேண்டும் என்பார், குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவார், சாதி கூடாது என்று மேடையில் கை தட்டுவார், டெல்லிக்கு இவ்வளவு அதிகாரம் எதற்கு என்றும் கேட்பார். அவரை முரண்பாடானவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவரிடம் நான்கைந்து கேள்விகள் தனித்தனியாக இருக்கின்றன. யாருக்கு எவ்வளவு சொத்து? பிறப்புக்கு என்ன மதிப்பு? கடவுளுக்கும் அரசுக்கும் என்ன உறவு? மாநிலத்துக்கு எவ்வளவு, மத்திக்கு எவ்வளவு? ஒவ்வொன்றுக்கும் அவர் வாழ்க்கை ஒரு பதில் தந்திருக்கிறது. அந்தப் பதில்களை ஒன்றோடொன்று உட்கார்ந்து பேச வைக்கத்தான் ஆளில்லை.

ஒரு நம்பிக்கை வந்துவிட்ட பிறகு நடப்பது இன்னும் கவலை தருவது. 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள்களைக் காரணமில்லாமல் வெளியேற்றுவதைத் தடுக்கும் அவசரச் சட்டம் வந்தது. கொண்டுவந்தது ராஜாஜி அமைச்சரவை. கம்யூனிஸ்டுகளே தன் முதல் எதிரி என்று அறிவித்த அதே ராஜாஜி. தாத்தாவிடம் இதைச் சொன்னால் ஏற்கவே மாட்டார். "நாங்க அடிபட்டதுக்கு வந்த சட்டம்டா அது" என்பார். அவர் சொன்னதும் உண்மைதான், போராட்டம் இல்லாமல் அந்தச் சட்டம் வந்திருக்காது. ஆனால் கொண்டுவந்தவர் பெயரைக் கேட்கக்கூட அவருக்குப் பிடிக்கவில்லை.

அண்ணனுக்கு வந்தது பெரிய சோதனை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்ட குடும்பங்கள், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும். ஆட்சியில் இருந்தது அண்ணன் நம்பிய கட்சி. மூன்று நாள் அவன் வீட்டில் சாப்பிடவில்லை. தாத்தா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கட்சியை விட்டுவிடுவான் என்று நினைத்தோம். விடவில்லை. அடுத்த ஆண்டு விவசாயக் கூலியை ஆராயக் கணபதியா பிள்ளை குழு அமைத்து நியாயக் கூலிச் சட்டமும் வந்தது. அந்தச் செய்தி வந்த நாளிதழை அண்ணன் மடித்துப் பெட்டியில் வைத்தான். அப்போது எனக்குக் கோபமாக இருந்தது. இப்போது யோசித்தால் அவனுக்கு நிற்க ஓர் இடம் வேண்டியிருந்தது என்று தெரிகிறது. கட்சி என்பது அவனுக்குக் கருத்து மட்டும் இல்லை. பதினேழு வயதில் அடி வாங்கியபோது பக்கத்தில் நின்ற நண்பர்கள், படிப்பகத்து மரப்பெஞ்சு, முதன்முதல் மேடையேறிப் பேசிய மாலை, எல்லாம் சேர்ந்தது. அதை விட்டால் அவனில் பாதி போய்விடும். இது அவனுக்கு மட்டுமல்ல, உங்கள் ஒவ்வொருவருடைய தொண்டருக்கும் பொருந்தும். உங்கள் மேல் அவர்கள் வைத்திருக்கும் அந்தப் பாசத்தை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

அந்தக் காலத்து நோட்டீஸில் பேச்சாளர் பெயருக்குக் கீழே 'பொருள்' என்று ஒரு வரி இருக்கும். மாநில சுயாட்சி ஏன், நில உச்சவரம்பு யாருக்கு, வங்கி தேசியமயம் சரியா என்று ஏதாவது ஒன்று. கூட்டத்துக்கு முன்பே டீக்கடையில் அந்தப் பொருளைப் பற்றிச் சண்டை தொடங்கிவிடும். தெருவுக்கொரு படிப்பகம், மன்றம். ஒன்றில் 'விடுதலை'யும் 'முரசொலி'யும், இன்னொன்றில் 'ஜனசக்தி'யும் 'தீக்கதிர்'உம். முடிதிருத்தும் கடையில் எல்லாமும் கிடைக்கும். படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார், தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். தாத்தா அப்படிக் கேட்டவர்தான்.

அப்புறம் ஆஃப்செட் வந்தது, அதற்கும் பிறகு ஃபிளெக்ஸ். தொழில் மாறியதைப் பற்றி எனக்குக் குறையில்லை; 1978-இல் பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றபோது பதின்மூன்று எழுத்தின் வடிவம் மாறி, பாதி கேஸை (எழுத்துகளைப் பிரித்து வைக்கும் தட்டை) மாற்றி அடுக்கினோம், மகிழ்ச்சியோடுதான் செய்தோம். ஒரு கொள்கை எங்கள் விரல் நுனிவரை வந்து தொட்ட நாள் அது. என் வருத்தம் வேறு. படம் பெரிதாகப் பெரிதாகப் 'பொருள்' என்ற வரி சுருங்கியது. பிறகு காணாமலே போனது. கடைசியாக நான் அச்சிட்ட பொதுக்கூட்ட நோட்டீஸில் நாற்பத்தாறு பெயர்கள் இருந்தன. எதைப் பற்றிக் கூட்டம் என்று ஒரு சொல்கூட இல்லை. எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன், சொல்லி ஆவதும் இல்லை. எல்லாக் கட்சி நோட்டீஸும் அப்படித்தான் ஆகிவிட்டது.

என் பேத்தி வயதுப் பிள்ளைகளுக்கும் ஏதாவது நடந்துகொண்டேதான் இருக்கிறது. தேர்வில் தோற்றவர்கள், வேலைக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர்கள், காதலித்ததற்காகச் சாதி பார்க்கப்பட்டவர்கள். அந்தச் சூட்டுக்குப் பெயர் வைக்க யார் வருகிறார்கள்? அரை நிமிடக் காணொளி வருகிறது. அது கோபத்துக்கு ஓர் எதிரியைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறது. மூன்றாவது முறை நிதானமாகப் படிக்க அதில் எதுவுமில்லை.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. உங்கள் கட்சியின் கொள்கையை ஒரே தாளில், உங்கள் மொழியில், எழுதுங்கள். தேர்தல் வாக்குறுதி வேண்டாம். அதை நாங்கள் ஏற்கெனவே அச்சடித்திருக்கிறோம். மேலே சொன்ன நான்கைந்து கேள்விகளுக்கும் உங்கள் விடை என்ன, ஏன் அந்த விடை, எதிர்த் தரப்பின் சிறந்த வாதத்துக்கு உங்கள் பதில் என்ன என்று எழுதுங்கள்.

முக்கியமாக, மாறிய இடங்களை மறைக்காதீர்கள். திராவிட நாடு கேட்ட தி.மு.க. 1963-இல் அதைக் கைவிட்டது. ஆவடியில் சோசலிசம் பேசிய காங்கிரஸ் 1991-இல் சந்தையைத் திறந்தது. 1948-இல் ஆயுதப் புரட்சி என்ற கம்யூனிஸ்டுகள் 1952-இல் தேர்தலில் நின்று சென்னை மாகாணத்தில் இரண்டாவது பெரிய கட்சியானார்கள். 1980-இல் பிறந்தபோது பா.ஜ.க. தன் கொள்கை காந்திய சோசலிசம் என்றது. சில ஆண்டில் ஜன சங்கத் தலைவர் தீனதயாள் உபாத்யாயாவின் ஏகாத்ம மானவ வாதத்துக்கு (ஒருங்கிணைந்த மனிதநேயத்துக்கு) திரும்பியது. எம்.ஜி.ஆர். அண்ணாயிசம் என்றார், காந்தியம், பொதுவுடைமை, முதலாளித்துவம் மூன்றிலும் உள்ள நல்லதைச் சேர்த்தது என்றார். அந்த மூன்றில் எது எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அவர் தொண்டர்களுக்கு யாராவது சொல்ல வேண்டாமா? மாறியதில் வெட்கமில்லை. காரணத்தைச் சொன்னால் கேட்பவர்களும் யோசித்து மாறக் கற்றுக்கொள்வார்கள்.

இன்னொன்று. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1989-இல் சேர்ந்த 29-அ பிரிவின்படி, பதிவு கேட்கும் ஒவ்வொரு கட்சியும் சோசலிசம், மதச்சார்பின்மை, ஜனநாயகம் ஆகியவற்றுக்கு உண்மையாக இருப்பதாகத் தன் விதிகளில் எழுதித் தர வேண்டும். சந்தைப் பொருளாதாரத்தை நம்பும் கட்சியும் எழுதித் தந்திருக்கிறது, மதத்தை அரசியலின் மையம் என்று நினைக்கும் கட்சியும் எழுதித் தந்திருக்கிறது. அந்த மூன்று சொல்லுக்கும் உங்கள் கட்சியின் அகராதியில் என்ன பொருள்? பதினெட்டு வயதில் முதல் ஓட்டுப் போடப் போகிறவருக்கு இதைக் கேட்க உரிமை உண்டு. உடன்பாடில்லாமல் எழுதித் தந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்தப் பிரிவே தவறு என்று வாதாடுங்கள். நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

எங்கள் பழைய டிரெடில் மெஷின் இன்னும் ஓடுகிறது. இரண்டு கேஸ் ஈய எழுத்தைப் பழைய இரும்புக்கு விற்காமல் வைத்திருக்கிறேன். கண் கொஞ்சம் மங்கல், கை நடுங்கவில்லை. நீங்கள் எழுதி அனுப்பும் தாளை, எந்தக் கட்சியாக இருந்தாலும், ஒரு எழுத்தும் மாற்றாமல் கோத்து, ஆளுக்கு ஐந்நூறு பிரதி காசு வாங்காமல் அடித்துத் தருகிறேன். கால் டெமி அளவு, ஒரு பக்கம். படத்துக்கு இடம் விடவில்லை. மேலே நடுவில் 'பொருள்' என்ற சொல்லை மட்டும் முன்கூட்டியே கோத்து வைத்திருக்கிறேன். புரூஃப் பார்க்கப் பேத்தி வருவதாகச் சொல்லியிருக்கிறாள். மூன்று முறை படிக்க வேண்டும் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
எழுபது வயது அச்சுக்கோப்பாளர் ஒருவர்
திருத்துறைப்பூண்டி வட்டம்